முன்பக்கம்

சத்துவாச்சாரியில் கல்யாணப் படம் எடுக்கிறவன் நான்.
ஆடி மாதம். டீக்கடையில்கூடக் கடன்.
காகிதப்பட்டறை இல்லத்துப் பையன்களை
மூன்று நாள் படமெடுத்துத் தரச் சொன்னார்கள்.
முகம் வரக் கூடாது.
பெயர், ஊர், பச்சை குத்தியது, தழும்பு
எதுவும் வரக் கூடாது.
அப்புறம் என்னதான் வரும் என்று கேட்டேன்.
"அதுக்குத்தான் சார் உங்களைக் கூப்பிட்டது" என்றார்
கண்காணிப்பாளர் எஸ்தர் மேடம்.

முதல் பையன் வந்ததும்
சுவரில் போய் முதுகை ஒட்டினான்.
நான் சொல்லாமலே இடப்பக்கம் திரும்பினான்.
சொல்லாமலே வலப்பக்கம்.
"சிலேட்டு எங்க சார்?"
அதுவரை அவன் போயிருந்த ஒரே ஸ்டூடியோ
காவல் நிலையம்.

பழக்கதோஷத்தில்
"தாடையைத் தூக்கு, கொஞ்சம் சிரி" என்று
ஒரு பிடரியிடம் சொல்லிவிட்டேன்.
பிடரி சிரித்தது. சத்தியமாக.
காது இரண்டும் லேசாக மேலே ஏறின.

ஆறு இருக்கும் தண்ணீர் இருக்காது,
மலை இருக்கும் மரம் இருக்காது
என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள்.
படம் இருக்கும் முகம் இருக்காது என்று
நான் சேர்த்துக்கொண்டேன்.

படத்தின் கீழே போட ஒரு பொய்ப்பெயர்,
நீங்களே சொல்லுங்கள் என்றேன்.
ஒருவன் எதிர்வீட்டு நாயின் பெயரைச் சொன்னான்.
என் கழுத்துப் பட்டையை எழுத்துக்கூட்டிப் படித்து
"கேனான்" என்றான் இன்னொருவன்.
தன்னை அடித்த ஏட்டையாவின் பெயரை
எடுத்துக்கொண்டவன் சொன்னான்:
"அவரும் கொஞ்ச நாளு உள்ள இருக்கட்டும் சார்."
பாலாற்று மணல் லாரிக்கு முன்னால்
பைக்கில் வழி பார்த்துப் போனவனுக்கு மட்டும்
பெயர் வேண்டாம்.
"காலியா விட்டுடுங்க."
அந்த லாரி யார்மேல் ஏறியது என்று
நான் கேட்கவில்லை.

கோட்டைக்கு எதிரே ஒரு மண்டபத்தில் கண்காட்சி.
முப்பத்திரண்டு பிடரிகள்.
லைட்டிங் பிரமாதம் என்றார் ஒருவர்,
கையில் பாதி சமோசா.
பையன்களுக்கு வர அனுமதி இல்லை.

ஆறு மணிக்கு மேல் ஓர் அம்மா வந்தாள்.
பேர்ணாம்பட்டு பஸ்.
ஷூ கம்பெனி அட்டை கழுத்திலேயே தொங்க,
விரல் நுனியெல்லாம் காய்ந்த பசை.
வரிசையாகப் பார்க்கவில்லை.
நேரே இருபத்தேழாவது படத்துக்குப் போனாள்.
உச்சந்தலையில் இரட்டைச் சுழி.
"எண்ணெ வைக்கும்போதெல்லாம் திட்டுவேன் சார்,
ரெண்டு பொண்டாட்டி கட்டுவடா நீன்னு."

பிறகு சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து
சுவரிலிருந்து கொஞ்சம் விலக்கி
பின்னால் எட்டிப் பார்த்தாள்.
அட்டை. ஆணி. சுண்ணாம்பு.
"முன்பக்கம் எடுக்கலியா?"

இல்லை என்றேன்.

மறுநாள் காலை அந்தப் படத்தைக் கழற்றிவிட்டார்கள்.
அடையாளம் தெரிந்துவிட்டதாம்.
சட்டம் சரிதான், அதில் குறை சொல்ல
எனக்கு வாயில்லை.
இந்தப் பையன்களை வாட்ஸ்அப்பில் சுற்றவிட
ஊரே காத்திருக்கிறது.
ஆணியை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.

ஆனால் நான் சொன்னது முழு உண்மை இல்லை.
மூன்றாம் நாள் சாப்பாட்டு மணி அடித்ததும்
அவன் சட்டென்று திரும்பினான்.
என்னுடையது கல்யாண விரல்,
தாலி ஏறும் நொடிக்குப் பழகியது, நிற்காது.
ஒரே ஒரு படம்.
எஸ்தர் மேடம் பக்கத்தில் நின்று பார்க்க
அழித்தேன்.
அழித்ததாகப் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டேன்.

தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்:
அழித்த படம் கார்டைவிட்டு உடனே போகாது.
அதன்மேல் வேறொரு படம் உட்காரும்வரை
அங்கேயே கிடக்கும்.

ஆவணி பிறந்துவிட்டது.
அடுத்தடுத்து முகூர்த்தம்.
ஆயிரத்து இருநூறு கொடுத்துப்
புதுக் கார்டு ஒன்று வாங்கினேன்.
பழையது பீரோவில்,
ஒரு மொய்க் கவருக்குள்.
வீட்டில் யாரும் கேட்டால் இருக்கட்டும் என்று
கவர்மேல் எழுதிவைத்திருக்கிறேன்:
காலி.